என்ஜினியரிங் மெக்கானிக்ஸ்: எந்த யுனிட்டை எதை வைத்துப் படிப்பது?

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் மெக்கானிக்கல், சிவில் பக்கம் சேர்ந்தவர்களிடம் அதிகம் அரியர் விழும் பாடம் எது என்று கேட்டால், பெரும்பாலும் கணிதத்துக்கு அடுத்தபடியாக என்ஜினியரிங் மெக்கானிக்ஸ் பெயர் வரும். 2017 ரெகுலேஷனில் (பல்கலைக்கழகம் அவ்வப்போது புதுப்பிக்கும் பாடத்திட்டத்தில்) இரண்டாம் செமஸ்டரில் இருந்தது. 2021 ரெகுலேஷனில் மெக்கானிக்கல் மாணவர்களுக்கு மூன்றாம் செமஸ்டருக்கு நகர்ந்தது. அந்த 2021 பாடத்திட்டத்தின் ஐந்து யுனிட்டுகள்: துகள்களின் சமநிலை, திண்பொருள்களின் சமநிலை, பரவிய விசைகள் (ஒரு பரப்பின் மையமான சென்ட்ராய்டும், அந்தப் பரப்பு ஓர் அச்சைச் சுற்றி எப்படிப் பரவியிருக்கிறது என்பதன் அளவான மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவும் இதில்தான்), உராய்வு, துகள்களின் டைனமிக்ஸ்.

செமஸ்டர் தொடங்கிய முதல் வாரமே கேள்வி வந்துவிடும். கடையில் கிடைக்கும் லோக்கல் ஆத்தர் புத்தகம் போதுமா? சிலபஸில் போட்டிருக்கும் பெரிய பாடநூலை வாங்க வேண்டுமா? என்பிடெல் என்ற இலவச இணையப் பாடத் தளத்தின் காணொலி பார்த்தால் வகுப்பையே விட்டுவிடலாமா? சீனியர் கொடுத்த பழைய வினாத்தாள் கட்டை மட்டும் போட்டால் பாஸ் ஆகுமா?

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே ஐந்து யுனிட்டுக்கும் பிடித்துக்கொள்வதுதான் தவறு. இந்தப் பாடத்தில் சில யுனிட்டுகளில் கணக்கைத் தொடங்கும் முன்பே நான்கைந்து முடிவுகள் எடுக்க வேண்டும். சிலவற்றில் எடுக்க முடிவே இல்லை, அட்டவணை போட்டு நிரப்பினால் விடை வந்துவிடும். முடிவெடுக்கப் பழக்கும் புத்தகம் வேறு, அட்டவணை நிரப்பப் பழக்கும் புத்தகம் வேறு. எந்த யுனிட் எந்த வகை என்று தெரிந்துவிட்டால், எதை எங்கே பயன்படுத்துவது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

முடிவு என்றால் என்ன? ஓர் ஏணிக் கணக்கு

உராய்வு யுனிட்டில் தவறாமல் வரும் கணக்கு இது. 5 மீட்டர் நீளம், 200 நியூட்டன் எடையுள்ள சீரான ஏணி. வழவழப்பான சுவரில் சாய்ந்திருக்கிறது, தரையோடு 60 டிகிரி கோணம். தரையின் உராய்வுக் கெழு 0.3. 700 நியூட்டன் எடையுள்ள ஒருவர் ஏறுகிறார். ஏணி நழுவும் தறுவாயில் அவர் ஏணியில் எவ்வளவு தூரம் ஏறியிருப்பார்?

கால்குலேட்டரைத் தொடும் முன் எடுக்க வேண்டியவை இவை. ஏணியை மட்டும் தனியே பிரித்து ஃப்ரீ பாடி டயகிராம் (அதன்மீது செயல்படும் எல்லா விசைகளையும் காட்டும் படம்) வரைய வேண்டும். சுவரையும் தரையையும் படத்தில் வைத்துக்கொண்டே அம்புக்குறி போடக் கூடாது. சுவர் வழவழப்பானது என்பதால் அங்கே ஏணியைத் தாங்கும் எதிர்விசையான கிடைமட்ட ரியாக்‌ஷன் மட்டும்தான், உராய்வு கிடையாது. ஏணியின் அடி சுவரை விட்டு விலகி ஓடப் பார்க்கும். ஆகவே தரையின் உராய்வு சுவரை நோக்கிச் செயல்படும். மொமென்ட்டை (விசையின் சுழற்றும் விளைவை) ஏணியின் அடியைச் சுற்றி எடுத்தால் தரையின் இரண்டு தெரியாத விசைகளும் ஒரே அடியில் மறைந்துவிடும். கடைசியாக, உராய்வு அதன் உச்ச வரம்பில் இருக்கிறதா? ‘நழுவும் தறுவாயில்’ என்று கேள்வியிலேயே இருப்பதால் இங்கே ஆம்.

இவ்வளவும் முடிந்தபின் கணக்கு நான்கு வரி. செங்குத்துச் சமநிலையில் தரையின் ரியாக்‌ஷன் 900 நியூட்டன். உராய்வு 0.3 × 900 = 270. கிடைமட்டச் சமநிலையில் சுவரின் ரியாக்‌ஷனும் 270. அடியைச் சுற்றி மொமென்ட்: 270 × 5 × சைன் 60 = 1169; ஏணியின் எடைக்கு 200 × 2.5 × காஸ் 60 = 250; மீதி 919. மனிதரின் எடைக்கு 700 × காஸ் 60 × தூரம், அதாவது 350 × தூரம். தூரம் 2.63 மீட்டர்.

இப்போது கேள்வியை ஒரே ஓர் இடத்தில் மாற்றுங்கள்: அவர் 1 மீட்டர் ஏறி நிற்கும்போது தரையில் உராய்வு எவ்வளவு? வழிமுறையை மனப்பாடம் செய்தவர் மறுபடியும் 270 என்றே எழுதுவார். எடைகளின் மொமென்ட் 250 + 350 = 600; அதை ஏணி உச்சியின் உயரமான 4.33-ஆல் (5 × சைன் 60) வகுத்தால் சுவரின் ரியாக்‌ஷன் 138.6 நியூட்டன். உராய்வும் அதே 138.6-தான். 270 என்பது அந்தத் தரையால் தர முடிகிற அதிகபட்சம். தேவைப்படும்வரை அது வராது. கெழுவையும் ரியாக்‌ஷனையும் பெருக்கினால் எப்போதும் உராய்வு கிடைத்துவிடும் என்ற நினைப்புதான் இந்த யுனிட்டில் மதிப்பெண்ணைத் தின்னும் முதல் தவறு.

லோக்கல் ஆத்தர் புத்தகம்

இதன் நன்மைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சிலபஸ் வரிசை அப்படியே இருக்கும். செமஸ்டர் வினாத்தாளில் வந்த கணக்குகள், எந்தப் பருவத்தில் வந்தது என்ற குறிப்போடு, தேர்வில் எழுத வேண்டிய படிவரிசையிலேயே தீர்த்துக் கொடுக்கப்பட்டிருக்கும். டூ மார்க் கேள்விகள் ஒவ்வொரு யுனிட்டின் கடைசியிலும் தொகுப்பாக இருக்கும். விலையும் குறைவு.

சிக்கல் என்னவென்றால், மேலே ஏணிக்குச் சொன்ன ஐந்து முடிவுகளையும் ஆசிரியர் எடுத்து முடித்த பிறகுதான் அந்தப் பக்கம் தொடங்குகிறது. படம் வரைந்தாயிற்று, அம்புக்குறிகள் போட்டாயிற்று, மொமென்ட் எடுக்கும் புள்ளிக்கும் பெயர் வைத்தாயிற்று. வாசிப்பவர் பின்தொடர்வது வெறும் கூட்டல் பெருக்கல்தான். நாற்பது கணக்குகளை இப்படி வாசித்தவர், நாற்பத்தோராவது கணக்கில் ஏணியின் உச்சியில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார்.

அச்சுப் பிழைகளும் உண்டு. ஒரு விடை சந்தேகமாக இருந்தால் நண்பரிடம் கேட்கும் முன் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது: தீர்வில் பயன்படுத்தாத வேறொரு புள்ளியைச் சுற்றி மொமென்ட் எடுத்துப் பாருங்கள். ஏணிக் கணக்கையே உச்சியைச் சுற்றிப் பார்ப்போம். தரை ரியாக்‌ஷன் ஒரு பக்கம் சுழற்றுவது 900 × 2.5 = 2250. எதிர்ப்பக்கம் உராய்வு 270 × 4.33 = 1169, ஏணி 250, மனிதர் (உச்சியிலிருந்து 5 − 2.626 = 2.374 மீட்டர் தள்ளி) 700 × 2.374 × 0.5 = 831; கூட்டினால் 2250. விடை சரி. தேர்வறையிலும் இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும், செய்து பழகுங்கள்.

இந்தப் புத்தகத்தை வைத்துப் படிப்பதென்றால் ஒரு நிபந்தனை. கேள்வியை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டு புத்தகத்தை மூடுங்கள். ஃப்ரீ பாடி டயகிராமை நீங்களே வரைந்து முடித்தபின் திறந்து, படத்தை மட்டும் ஒப்பிடுங்கள். படம் சரியாக இருந்தால் மறுபடி மூடிவிட்டுக் கணக்கைத் தொடருங்கள். எண்களில் ஏற்பட்ட தவறு அவ்வளவு முக்கியமில்லை. படத்தில் விட்டுப்போன விசைதான் முக்கியம், அதைச் சிவப்பு மையில் குறித்துவையுங்கள்.

பெரிய பாடநூல்கள்

சிலபஸில் பாடநூலாகக் கொடுக்கப்பட்டிருப்பது பீர், ஜான்ஸ்டன் எழுதியது. கல்லூரி நூலகங்களில் அதற்கு அடுத்தபடியாகக் கையில் கிடைப்பது ஹிப்பெலர். இரண்டும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் என்பதாலேயே பலர் திறப்பதில்லை. முழுவதையும் படிக்க வேண்டியதே இல்லை.

இவற்றின் உண்மையான மதிப்பு, தீர்க்காமல் விட்டிருக்கும் பயிற்சிக் கணக்குகளில்தான். ஒரே தத்துவம், ஆனால் கணக்குக்குக் கணக்கு படம் வேறு: ஒன்றில் தள்ளுவண்டி, அடுத்ததில் கிரேன், அதற்கடுத்ததில் இடுக்கி. எந்த இணைப்பில் எத்தனை ரியாக்‌ஷன் வரும் என்று ஒவ்வொரு முறையும் நீங்களேதான் தீர்மானிக்க வேண்டும். உருளை ஆதாரம் என்றால் ஒரு விசை, கீல் என்றால் இரண்டு, சுவரில் பதித்தது என்றால் இரண்டு விசையும் ஒரு மொமென்ட்டும். இந்தப் பழக்கத்தை வேறு எந்த வழியும் இவ்வளவு நன்றாகத் தராது.

நடைமுறையில் தெரிந்திருக்க வேண்டியது: பீர், ஜான்ஸ்டனில் நேரான எழுத்தில் அச்சிட்ட எண்ணுள்ள கணக்குகளுக்கு மட்டும் பின்னால் விடை உண்டு, சாய்வெழுத்து எண்களுக்கு இல்லை. ஹிப்பெலரில் ஒவ்வொரு நான்காவது கணக்குக்கும் நட்சத்திரக் குறி இருக்கும், அதற்கு விடை கிடையாது. அதோடு ‘ஃபண்டமென்டல்’ என்று தனியாகக் கொடுத்திருக்கும் கணக்குகளுக்குப் பின்னால் சுருக்கமான தீர்வும் உண்டு. தனியாக உட்கார்ந்து படிப்பவர்கள் அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. இன்னொன்று, எஸ்ஐ அலகுப் பதிப்பா என்று அட்டையிலேயே பார்த்து எடுங்கள். இல்லாவிட்டால் பாதிக் கணக்குகள் பவுண்டு, அடியில் இருக்கும். எடைக்கும் நிறைக்கும் உள்ள வேறுபாடு மனதில் பதியாதவர்களை அது மேலும் குழப்பும்.

இந்தப் புத்தகங்களின் குறை நேரம். ஒரு கணக்குக்கு அரை மணி நேரம் போகலாம். அதனால் ஐந்து யுனிட்டுக்கும் இவற்றைப் பயன்படுத்தச் சொல்ல மாட்டோம்.

காணொலிகள்

ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல்லில் மெக்கானிக்ஸ் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. விளக்கத்தின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. மற்ற யூடியூப் சேனல்களில் தமிழிலேயே கணக்குப் போட்டுக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். வகுப்பில் ஒரு கருத்து புரியாமல் போனால், அன்று மாலையே ஒரு காணொலியைப் பார்த்து நிமிர்வது நல்ல வழி.

ஆனால் காணொலியையே முழுப் படிப்பாக்குவது ஆபத்து. தெளிவாக விளக்குபவர் எதிரே இருக்கும்போது எல்லாமே புரிந்ததுபோல் இருக்கும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது: தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டிய மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால், நல்ல விரிவுரையை உட்கார்ந்து கேட்டவர்கள்தான் தாங்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். அதற்கு முன்பே, 1998-இல், அறிமுக மெக்கானிக்ஸ் படித்த 6,542 மாணவர்களின் தேர்வு முடிவுகளை ரிச்சர்ட் ஹேக் ஒப்பிட்டிருந்தார். பாடத்துக்கு முன் தெரியாதிருந்ததில் எத்தனை பங்கைப் பாடம் முடிந்தபோது கற்றிருந்தார்கள் என்பது அவர் எடுத்த அளவு. கேட்டு மட்டும் படித்த வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர்களே ஈடுபட்டுச் செய்த வகுப்புகளின் சராசரி 0.48.

ஆகவே காணொலி பார்ப்பதானால், கேள்வியை வாசித்து முடித்ததும் நிறுத்துங்கள். பத்து நிமிடம் உங்கள் தாளில் படம் வரைந்து, முதல் சமன்பாட்டை எழுதிவிட்டுத் தொடருங்கள். நிறுத்தாமல் ஒரு மணி நேரக் காணொலி பார்ப்பதைவிட, இப்படி இருபது நிமிடக் காணொலி பார்ப்பது எவ்வளவோ மேல். என்பிடெல் பாடங்கள் நம் சிலபஸைத் தாண்டியும் போகும் என்பதை மறக்க வேண்டாம்; தேவையான விரிவுரைகளை மட்டும் தலைப்பு பார்த்து எடுங்கள். சான்றிதழுக்குப் பதிவு செய்பவர்களுக்கு வாராந்தர அசைன்மென்ட் 25 சதவீதம், நேரில் எழுதும் தேர்வு 75 சதவீதம். அந்த அசைன்மென்ட்டுகளே நல்ல பயிற்சிதான்.

ஆங்கில விரிவுரையே தடையாக இருக்கும் தமிழ்வழி மாணவர்களுக்கு, இதற்கெல்லாம் முன்பு ஒரு படி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதியில் இயக்கவியல், இயக்க விதிகள், வேலை ஆற்றல், திண்பொருள் இயக்கம் ஆகிய அலகுகள் தமிழிலேயே இருக்கின்றன. ஒரு வாரம் அதைப் புரட்டிவிட்டு வந்தால், இங்கே புதிதாகக் கற்க வேண்டியது எவ்வளவு குறைவு என்பது தெரியும்.

போனில் படம் எடுத்துப் போட்டால் தீர்வு தரும் செயலிகளைப் பற்றி ஒரே வார்த்தை: விடையைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள், தொடங்குவதற்கு அல்ல. படத்தில் இருக்கும் ஓர் அளவைத் தவறாக வாசித்துவிட்டாலும் அவை தடுமாறாமல் முழுத் தீர்வையும் எழுதிவிடும்.

பழைய வினாத்தாள்கள்

இவற்றைப் பாடப் புத்தகமாக வைத்துக்கொள்ளக் கூடாது. கடிகாரமாக வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண்: பத்து டூ மார்க், ஐந்து 13 மார்க், ஒரு 15 மார்க். கணக்குப் பார்த்தால் ஒரு 13 மார்க் கேள்விக்குக் கிடைப்பது 23 நிமிடம்தான். யுனிட்டுக்கு ஒரு 13 மார்க், அதற்குள்ளேயே ‘இது அல்லது அது’. ஒரு யுனிட்டை அப்படியே விட்டுவிட்டால் டூ மார்க்கோடு சேர்த்து 17 மதிப்பெண் கைவிட்டுப் போகும். ‘நாலு யுனிட் போதும்’ என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வினாத்தாளில் இருந்து கேள்விகளை மட்டும் பொறுக்கி மனப்பாடம் செய்தால் எண்கள் மாறும்போது பிழைக்கலாம், படம் மாறும்போது பிழைக்க முடியாது. டூ மார்க் பகுதிக்கு மட்டும் இந்த வழி முழுதாகப் பலிக்கும்: வாரிக்னான் தேற்றம், லாமி தேற்றம், உராய்வுக் கோணம் ஆகியவை திரும்பத் திரும்ப வருபவை. லாமி தேற்றத்தை எழுதும்போது, ஒரே தளத்தில், ஒரே புள்ளியில் சந்தித்துச் சமநிலையில் இருக்கும் மூன்று விசைகளுக்கு மட்டும் என்ற நிபந்தனையை விடாதீர்கள். நான்கு விசைக் கணக்கில் அதைப் போட்டு மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

யுனிட் யுனிட்டாக

யுனிட் 3-க்கு லோக்கல் ஆத்தர் புத்தகம் தாராளமாகப் போதும். இங்கே தீர்மானிக்க அதிகமில்லை. ஒரு டி-வடிவ வெட்டுமுகம்: மேலே 100 × 20 மி.மீ பலகை, கீழே 20 × 100 மி.மீ தண்டு. இரண்டின் பரப்பும் 2000. அடியிலிருந்து மையங்கள் 110, 50. சென்ட்ராய்டு 80 மி.மீ உயரத்தில். அங்கிருந்து இரண்டுமே 30 மி.மீ தள்ளி. பலகைக்குத் தன் மையத்தில் 66,667, தண்டுக்கு 16,66,667; ஒவ்வொன்றுக்கும் 2000 × 900 = 18,00,000 கூட்டினால் மொத்தம் 53,33,333, அதாவது 5.33 × 10-இன் ஆறாம் அடுக்கு, மி.மீ நான்காம் அடுக்கில். பத்து கணக்கு அட்டவணை போட்டுச் செய்தால் கை தானாக ஓடும். தவறும் இடம் அரைவட்டம். விட்டத்தைப் பற்றிய மதிப்பு பை ஆர் நான்கடுக்கு வகுத்தல் 8. சென்ட்ராய்டைப் பற்றியது ஏறத்தாழ 0.11 ஆர் நான்கடுக்கு. இணை அச்சுத் தேற்றம் சென்ட்ராய்டு அச்சிலிருந்து மட்டுமே தொடங்கும். விட்டத்தின் மதிப்போடு நேரடியாகப் பரப்பு × தூரத்தின் வர்க்கத்தைக் கூட்டினால் விடை தப்பு.

யுனிட் 1-க்குப் பாதி பாதி. இருபரிமாணக் கணக்குகளுக்கு கிடைமட்டம், செங்குத்து என்று பிரிப்பதே வேகமானது. முப்பரிமாணக் கம்பிவடக் கணக்கு வந்தால் வெக்டர் முறைக்கு மாறிவிடுங்கள். (0, 6, 0) என்ற உச்சியிலிருந்து (2, 0, 3)-க்குப் போகும் கம்பியில் இழுவிசை 2100 நியூட்டன் என்றால், வித்தியாசம் 2, −6, 3; நீளம் 7; ஆகவே கூறுகள் 600, −1800, 900. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழிக்க வேண்டும்; மாற்றிக் கழித்தால் எல்லாக் குறிகளும் புரண்டுவிடும்.

யுனிட் 2, யுனிட் 4 இரண்டுக்கும் பெரிய பாடநூல்தான். செமஸ்டர் முழுக்க அந்தப் புத்தகத்துக்கு ஒதுக்க முடிகிற நேரத்தை இந்த இரண்டுக்கே கொடுங்கள். யுனிட்டுக்கு இருபது கணக்குகள், வேறு வேறு படங்களில், தானே வரைந்து செய்தவருக்கு வினாத்தாளில் புதிதாக ஒன்றும் வராது.

யுனிட் 5-இல் முடிவு ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: எந்த முறை? முடுக்கமோ கயிற்றின் இழுவிசையோ கேட்டால் நியூட்டனின் இரண்டாம் விதி. தூரமும் வேகமும் மட்டும் பேசினால் வேலை-ஆற்றல். நேரமும் வேகமும் என்றால் கணத்தாக்கு-உந்தம். மோதல் என்றால் முதலில் உந்தம். இயக்க ஆற்றல் மாறாது என்று எழுதலாம் என்றால் அது முழு மீள்தன்மை மோதலாக இருக்க வேண்டும். முறையைத் தவறாக எடுத்தாலும் சில நேரம் விடை வரும், ஆனால் 23 நிமிடத்தில் வராது. இதற்குக் காணொலி உதவும், ஏனென்றால் ஒரே கணக்கை இரண்டு முறையிலும் போட்டுக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். கப்பிக் கணக்குகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: நகரும் கப்பி இருந்தால் இரு கட்டைகளின் முடுக்கமும் சமமாக இருக்காது. கயிற்றின் மொத்த நீளம் மாறாது என்று முதலில் எழுதி, அதிலிருந்து உறவைக் கண்டுபிடியுங்கள்.

அரியர் எழுத மூன்று வாரம்தான் இருக்கிறதென்றால்

முதல் நான்கு நாள் யுனிட் 3. உறுதியாகக் கிடைக்கும் 17 மதிப்பெண், நம்பிக்கையும் வரும். அடுத்த மூன்று நாள் யுனிட் 1. பிறகு ஒரு முழு வாரம் யுனிட் 2-உம் 4-உம், பாடநூலிலிருந்து நாளுக்கு நான்கு கணக்கு, படம் வரைந்து மட்டுமே. அதன்பின் நான்கு நாள் டைனமிக்ஸ். கடைசி மூன்று நாளில் மூன்று பழைய வினாத்தாள்கள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து, புத்தகம் திறக்காமல். விடைத்தாளில் ஒவ்வொரு கணக்குக்கும் ஃப்ரீ பாடி டயகிராமைப் பெரிதாக, ஸ்கேல் வைத்து, விசைகளின் பெயரோடு போடுங்கள். இறுதி எண் தவறினாலும் படத்துக்கும் சமன்பாடுகளுக்கும் உரிய படிமதிப்பெண் கிடைக்கும்.